குடிலுக்கு ஒரு பிடிப் பாசி

பாசி என்ற ஒரே சொல்லுக்குள் நம் மொழி எத்தனையோ பொருள்களை அடக்கி வைத்திருக்கிறது. குளத்து நீரின்மேல் மிதப்பதும் பாசி. கடலோரப் பாறையைப் பற்றியிருப்பதும் பாசி. கழுத்தில் கோத்துப் போடும் மணியும் பாசி. பயறிலும் ஒரு பாசி உண்டு. ஊர்க்கேணியில் கை படும்போது விலகி, கை எடுத்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கிய பரணரின் குறுந்தொகைப் பாடலைத் தமிழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் நீர்ப்பாசிதான். நான் இங்கே எழுத விரும்புவது இவற்றுள் எதைப் பற்றியும் அன்று. மழைக்காலத்தில் கிணற்றின் உட்சுவரிலும் பழைய மதிலின் காரையிலும் பச்சைக் கம்பளம்போல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, வழுக்கும் என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோமே, அந்தச் சுவர்ப்பாசியைப் பற்றியே. தாவரவியலார் அதை மாஸ் என்பர். அதற்கு வேர் இல்லை, பூ இல்லை, விதையும் இல்லை. ஆயினும் தண்டும் இலையும் உடைய முழுமையான செடி அது. கடந்த சில ஆண்டுகளாக வேலம்பாளையத்தில் அதை நான் வளர்த்து வருகிறேன்.

"ஏனுங்க சாமி, பாசியச் சொரண்டி எடுக்கத்தானுங்க ஆள் கூப்புடுவாங்க, நீங்க வளத்தறீங்களே?" என்று எங்கள் கோயில்பிள்ளை தொடக்கத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும் ஊர் இது. பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் சூழ்ந்த இப்பகுதியில் பாசி வளர்ப்பேன் என்று ஒருவர் சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வர்.

காரணம் குடில்தான். திருவருகைக்காலம் தொடங்கியதும் குடில் வேலை நம் ஆலயங்களில் சூடுபிடிப்பதை வாசகர் அறிவர். மூங்கில், வைக்கோல், மணல், அட்டைப்பெட்டியில் செய்த மலை, அதன்மேல் போர்த்தப் பாசி. நான் பணியாற்றிய பங்குகள் பலவற்றிலும் அந்தப் பாசி மலையிலிருந்து சாக்கில் வந்தது. மரத்தின் தோலோடு உரித்து எடுத்தது போலக் கனமாய், ஈரமாய், காட்டு மணத்தோடு இருக்கும். பத்து நாள் குடிலில் கிடந்து மஞ்சளாகி, மூவரசர் விழாவுக்குப் பிறகு குப்பையோடு போய்விடும். இதில் யாரும் தீங்கு நினைத்துச் செய்தவர்கள் அல்லர். பாலன் இயேசுவைப் பசும்புல்லில் கிடத்த வேண்டும் என்ற அன்புதான் காரணம்.

ஆனால் குடிலின் வரலாற்றைப் பார்த்தால் பாசிக்கு அதில் தொடக்கத்தில் இடமே இல்லை. 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சோ என்ற சிற்றூரில் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கியபோது, அங்கே இருந்தவை தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் என்றே அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். பாசி பிற்காலத்து ஐரோப்பியக் குடில்களில் வந்து சேர்ந்தது. அந்த ஐரோப்பாவிலேயே இன்று நிலைமை மாறிவிட்டது. ஸ்பெயின் நாட்டின் பல பகுதிகளில் குடிலுக்கென்று காட்டுப்பாசியை அனுமதியின்றிப் பறிப்பது தண்டனைக்குரிய செயல்.

காட்டுப்பாசியைப் பறித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். சோலைக்காட்டில் நின்று ஒரு பாசித்திரளைக் கையால் அழுத்திப் பார்த்தவருக்கு விடை உடனே கிடைக்கும். விரலிடுக்கில் நீர் ஒழுகும். ஸ்பேக்னம் என்னும் பாசிவகை தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்குவரை நீரைத் தாங்கவல்லது. மற்றவை அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், விழுகின்ற மழையையும் தவழ்கின்ற மூடுபனியையும் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. நம் திருப்பூர்க் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும்பகுதி பவானி ஆற்று நீர். மேட்டுப்பாளையத்தில் எடுத்து நமக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பவானிக்கு நீர் தருபவை நீலகிரியின் சரிவுகள். மலைமரத்தில் பாசியை உரித்துக் கொண்டுவந்து குடிலில் விரித்துவிட்டு, மே மாதத்தில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். உரித்த இடம் ஓரிரு மழையில் மூடிக்கொள்ளும் என்று எண்ணுவதற்கும் இல்லை. வணிகத்துக்காகப் பாசி எடுக்கப்படும் அமெரிக்காவின் ஒரெகன் பகுதியில் ஆராய்ந்தவர்கள், கிளையில் உரிக்கப்பட்ட பாசிப்போர்வை பழைய நிலைக்குத் திரும்ப இருபது ஆண்டளவு ஆகலாம் என்று கணித்திருக்கிறார்கள். நமக்குப் பத்து நாள் அலங்காரம். மரத்துக்கு இருபது ஆண்டு!

மலைப்பாசிகளை மதித்த ஒருவரைப் பற்றி நம்மவர் அதிகம் அறிந்திருக்கவில்லை என்பது என் வருத்தம். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் 1895-இல் தொடங்கப்பட்ட இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரியை நம்மில் பலர் அங்குள்ள அருங்காட்சியகத்துக்காகப் பார்த்திருப்போம். அடைத்த பறவைகளையும் பாம்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கே வாழ்ந்த ஜார்ஜ் ஃபோரோ என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, பழனி மலையின் பாசிகளைச் சேகரித்து வகைப்படுத்துவதைத் தம் வாழ்க்கைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். அவர் சேகரித்த மாதிரிகளை ஐரோப்பாவில் ஆராய்ந்த ஆங்கிலேயரான டிக்சனும் பிரெஞ்சுக்காரரான போத்தியே தெ லா வார்தும் ஒரு பாசிப் பேரினத்துக்கே ஃபோரோயெல்லா என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியாயிற்று. தென்னிந்தியப் பாசிகளை ஆராய்வோர் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. கையளவு கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஈரப்பாறையின்முன் மண்டியிட்டிருக்கும் அங்கியணிந்த ஒரு குருவை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. அவர் மாதிரிக்கு எடுத்தது விரல்நுனியளவு. நாம் எடுப்பது சாக்களவு.

மலைப்பாசி சமவெளியில் பிழைக்காது. அதற்குக் குளிரும் மூடுபனியும் வேண்டும். ஆகவே நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாசியைத் தேடினேன். தேட வேண்டியதே இல்லை. பங்கு இல்லத்துக்குப் பின்னே, சுண்ணாம்புக் காரையால் கட்டிய பாழுங்கிணற்றுச் சுவரில் அது இருந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர், ஆலயத்துக்குத் தவறாமல் வருபவர், ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ஹையோஃபிலா இன்வொலூட்டா என்றார். இன்வொலூட்டா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் குருமடத்து இலத்தீன் வகுப்பு நினைவுக்கு வந்தது. உட்புறமாகச் சுருட்டப்பட்டது என்று பொருள். பெயர் வைத்தவர் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். வெயில் ஏறினால் அதன் இலைகள் உள்நோக்கிச் சுருண்டு, சுவரில் கரும்பழுப்புத் தூசி படிந்தாற்போல் ஆகிவிடும். செத்துவிட்டது என்றே எவரும் சொல்வர். ஒரு கை நீர் தெளித்தால் கண்ணெதிரே இலைகள் விரியும். நம் மதில்களில், சாக்கடை ஓரங்களில், பாலத்தடியில் எங்கும் இருப்பது பெரும்பாலும் இதுதான். சுண்ணாம்பை அது விரும்புகிறது. ஆகவே சிமெண்டும் காரையும் அதற்கு உகந்த நிலம்.

சாலமோன் மன்னர் லெபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை எல்லாத் தாவரங்களைப் பற்றியும் பேசினார் என்று அரசர்கள் நூல் கூறுவதை நாம் வாசித்திருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயசின் மாணவரான ஹாசல்குவிஸ்ட் என்ற இளைஞர் புனித நாட்டுக்குச் சென்று, எருசலேமின் சுவர்களில் ஒரு சின்னஞ்சிறு பாசியைக் கண்டு, சாலமோன் குறிப்பிட்ட ஈசோப்பு இதுவே என்று எழுதினார். ஊர் திரும்பாமலே 1752-இல், முப்பது வயதில், ஸ்மிர்னா நகருக்கு அருகே இறந்துபோனார். இன்றைய விவிலிய அறிஞர் பலரும் அதை ஏற்பதில்லை. ஈசோப்பு என்பது மணமுள்ள ஒரு புதர்ச்செடி என்பதே அவர்கள் முடிவு. அவர்களே சரியாக இருக்கலாம். ஆயினும், மிகப் பெரிய மரத்துக்கு எதிர்முனையில் நிறுத்த மிகச் சிறிய ஒன்றைத் தேடும்போது சுவர்ப்பாசி ஒருவர் கண்ணில் பட்டதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வளர்த்த முறை. ஐப்பசி மழைக்குப் பின், கிணற்றுச் சுவரிலிருந்து உள்ளங்கையளவு பாசியை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்தேன். சுற்றிலும் உள்ளதைத் தொடவில்லை. வெற்றிடத்தை அதுவே நிரப்பிக்கொள்ள வேண்டும். எடுத்ததை நிழலில் மூன்று நாள் உலர்த்தி, இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் திருநீறு போலப் பொடியாகும்வரை கசக்கினேன். இது ஜப்பானியர் கையாளும் முறை. பாசியின் எந்தத் துணுக்கும், இலையின் ஒரு கிழிசல்கூட, ஈரம் கிடைத்தால் புதுச்செடியாகும் ஆற்றல் உடையது. தவிர, இந்த இனத்தின் இலைக்கோணங்களில் காம்போடு கூடிய நட்சத்திர வடிவத் துகள்கள் உண்டாகின்றன. ஜெம்மா என்பர். மழைத்துளி விழும் வேகத்தில் அவை தெறித்து, விழுந்த இடத்தில் முளைக்கும். சிதல்கள் வழியாகவும் பாசி பெருகும் என்பது பாடநூல் உண்மைதான். ஆனால் ஆணணு பெண்ணணுவைச் சேர ஒரு படலம் நீரில் நீந்தியாக வேண்டும். நம் ஊர் வறட்சியில் அதற்கு வாய்ப்புக் குறைவு. என் செங்கற்களில் சிதல் தாங்கும் காம்புகளை அரிதாகவே கண்டிருக்கிறேன். துணுக்கும் ஜெம்மாவுமே இங்கே குடும்பத்தைக் காப்பாற்றுகின்றன.

பழைய செங்கற்களை ஒருநாள் முழுக்க நீரில் ஊறப்போட்டு, மேலே செங்கற்பொடி கலந்த செம்மண்ணை மெல்லிய குழம்பாகப் பூசி, அதன்மேல் பாசிப்பொடியைத் தூவினேன். காற்று அடித்துக்கொண்டு போகாமலும் ஈரம் காயாமலும் இருக்க ஒரு மூடி வேண்டுமே! அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமா? பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ஒரு சகோதரி, சாயமேறாத கட்டிங் வேஸ்ட் துணியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பின்னல் துணி நீரை உறிஞ்சி ஒரே சீராகப் பரப்புகிறது. அதன் கண்களுக்கிடையே ஒளியும் புகுகிறது. பாசி அந்தத் துணியையே பற்றிக்கொண்டு மேலே வந்துவிடுவதால் துணியை எடுக்கவும் வேண்டியதில்லை. செங்கற்களை நீர்த்தொட்டியின் வடபுறச் சுவரடியில் அடுக்கினோம். காலை வெளிச்சம் படும், உச்சி வெயில் படாது.

மோரைத் தெளித்தால் சீக்கிரம் வரும் என்று பலர் சொன்னார்கள். மேலை நாடுகளிலும் பாசியை மோரில் அரைத்துச் சுவரில் பூசும் கைவைத்தியம் ஒன்று உண்டு. பாசிக்கு மோரில் வேலையில்லை, பூஞ்சைக்குத்தான் விருந்து. மோரைக் குடித்துவிடுவது நல்லது.

நாற்பதாம் நாள் செங்கல்மேல் பச்சைப் புழுதிபோல ஒரு நிறம் தெரிந்தது. நுண்ணோக்கியில் அது நூல் நூலாக இருந்தது. பாசியின் குழந்தைப் பருவம் அது. அந்த நூல்களில்தான் மொட்டுகள் தோன்றி இலைச்செடிகளாகும். கண்ணுக்குத் தெரியும் இலைகள் நான்காம் மாதத்தில் வந்தன. செங்கல் முழுவதும் மூட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. சித்திரை, வைகாசியில் நீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டோம். காய்ந்த பாசி எத்தனை வெயிலையும் தாங்கும். நனைந்த பாசி நண்பகல் வெயிலில் வெந்துவிடும். அந்த இரண்டு மாதமும் செங்கற்கள் வெறும் செங்கற்களாகவே கிடந்தன. பார்த்தவர்கள் எனக்காக வருந்தினார்கள். உறங்குவது பாசிக்குப் புதிதன்று. தென்துருவப் பகுதியின் சைனி தீவில் உறைபனியில் புதைந்து கிடந்த ஒரு பாசி, 1500 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் தளிர்விட்டது என்று 2014-இல் அறிவித்தார்கள்.

உண்மையான சிக்கல் நீரில்தான் இருந்தது. செங்கற்களை முதலிலேயே இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தேன். ஒரு வரிசைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர். மற்றதற்குப் பழைய பள்ளிக் கட்டடத்தின் ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைநீர். தகரக் கூரையை வேண்டுமென்றே தவிர்த்தோம். தகரத்தில் பூசிய துத்தநாகம் மழையில் கரைந்து வரும். அது பாசிக்கு நஞ்சு. மூன்றே வாரத்தில் வேறுபாடு தெரிந்தது. ஆழ்துளை நீர் வரிசையில் இலைநுனிகள் பழுப்பேறி, செங்கல்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. மழைநீர் வரிசை பசுமையாக இருந்தது.

சுண்ணாம்பை விரும்பும் பாசி நம் நீரை ஏன் வெறுக்கிறது? பேராசிரியர் விளக்கினார். மரத்துக்கு வேர் உண்டு. வேர் ஓரளவு பொறுக்கி எடுக்கும். பாசியின் இலையோ பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு கனம். மேலே மெழுகுத் தோல் கிடையாது. வருவது எதுவாயினும் உடம்பு முழுவதும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. நீர் ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். இந்த இயல்பை வைத்துத்தான் 1960-களின் இறுதியில் சுவீடனில் ரூலிங், டைலர் என்ற இரு ஆய்வாளர்கள் காற்றில் கலந்துள்ள ஈயம் போன்ற உலோகங்களைப் பாசியைக் கொண்டு அளந்தார்கள். 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாசிகளைச் சேகரித்து அதே சோதனையைச் செய்து வருகின்றன.

எங்கள் நீரில் உப்பு எப்படி வந்தது என்பதை இந்தப் பகுதி வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் ஏராளமாக. துணியில் தங்குவது சாயம். உப்பு முழுவதும் கழிவுநீரோடு போய்விடும். பல்லாண்டுகளாக அது நொய்யலில் இறங்கியது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தினால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தபின் அவை மீண்டும் திறந்தன. அந்த மாதங்களில் வேலையின்றி ஊர் திரும்பிய குடும்பங்களின் துயரத்தையும் மறக்கக் கூடாது. உழவருக்கும் நெசவருக்கும் இடையே யார் பக்கம் என்று கேட்டால், ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குத் தோட்டமும் தம்பிக்குப் பட்டறையும் இருக்கும் ஊரில் என்ன சொல்வது? இன்று ஆற்றில் முன்புபோல் நிறம் ஓடுவதில்லை என்கிறார்கள். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு விரைவில் வெளியேறாது. ஒரு செங்கல்லின் மேலிருந்த பொருக்கை நகத்தால் சுரண்டி நாவில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அதன்பின் எல்லாச் செங்கற்களுக்கும் மழைநீரே. மழைத்தொட்டி வற்றினால் பிள்ளைகள் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைக் கேனில் பிடித்து வருவார்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீரில் உப்பு இருக்காது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியே கண்டு சொன்னாள். மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் தெளிப்பானுக்காகச் சண்டை நடக்கும்.

ஜப்பானில் கியோட்டோவில் சைஹோஜி என்று ஒரு புத்த ஆலயம் உண்டு. அதன் தோட்டத்தில் ஏறக்குறைய 120 வகைப் பாசிகள் உள்ளனவாம். தோட்டத்தை அமைத்தவர்கள் பாசியைத் திட்டமிடவில்லை. பிற்காலத்தில் பராமரிப்பின்றிக் கிடந்தபோது அதுவே வந்து படர்ந்தது. பார்ப்போர் கூட்டம் பெருகிப் பாசி மிதிபட்டதால் 1977 முதல் முன்பதிவு செய்தவரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். நமக்கு அத்தனை வேண்டாம். ஒரு குடிலை மூடும் அளவு போதும்.

சென்ற திருவருகைக்காலத்தில் அந்த அளவும் இல்லை. நாற்பத்தாறு செங்கற்கள் தேறின. சாக்குப்பாசி வாங்குவதில்லை என்று பங்குப்பேரவையில் முன்பே முடிவாகியிருந்தது. ஆகவே தீவனத் தொட்டியைச் சுற்றியும் இடையர்கள் வரும் வழியிலும் செங்கற்களைப் பதித்துவிட்டு, மற்ற இடங்களை மணலாகவே விட்டோம். "போன வருசம் மல முழுக்கப் பச்சையா இருந்துச்சுங்க சாமி, இப்பப் பாலைவனமாட்டம் இருக்குதுங்க" என்றார் ஒரு பாட்டி. "பெத்லகேம் பக்கமெல்லாம் வறண்ட பூமிதானுங்கம்மா" என்றேன். அவர் அரை மனத்தோடு ஒத்துக்கொண்டார். குடிலில் வைத்த பாசி பத்து நாளில் மஞ்சளாகவில்லை. காலைத் திருப்பலிக்கு முன் கோயில்பிள்ளையே, யாரும் சொல்லாமல், தெளிப்பானை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

மூவரசர் விழா முடிந்து செங்கற்களை எடுத்து வைத்தபோது முப்பத்தைந்துதான் இருந்தன. மற்றவற்றைக் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். ஒன்றை எடுத்துச் சென்றவர் ஒடிசாவிலிருந்து வந்து இங்கே டைலராக இருக்கும் இளைஞர். நான்கு பேர் தங்கியுள்ள வாடகை அறையின் ஜன்னலில் அதை வைத்திருக்கிறார். மழைநீருக்கு என்ன செய்கிறாய் தம்பி என்று கேட்டேன். ஷிப்ட் முடிந்து வரும்போது கம்பெனி ஏ.சி.யின் அடியில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார்.